நுண்துளையின் பயன்: சதுரங்கப்பட்டினக் கரையின் மண்கலங்களும் ஈசிங் தேநீர்க் கெண்டியும்

1. பொருளும் எல்லையும்

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், தாய்ஹூ ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய ஈசிங் நகரம் கண்ணாடிப் பூச்சு இல்லாத மண் தேநீர்க் கெண்டிகளுக்குப் பேர்போனது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றிப் புழங்கும் தண்ணீர்ப் பானை, மீன்குழம்புச் சட்டி, தயிர்க் கலயம் ஆகியவையும் பூச்சில்லாதவையே. சுட்ட மண்ணில் எஞ்சும் நுண்துளைகள் கலத்துக்கு என்ன செய்கின்றன, கலத்தை வைத்திருப்பவர் அத்துளைகளை எப்படிப் பேண வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. பூச்சு இல்லாத கலத்தை ஏழைகளின் பாண்டமாகவோ முழுமை பெறாத தொழில்நுட்பமாகவோ காணும் பார்வை நம்மிடம் உண்டு. அது தவறு என்பது என் முடிபு.

2. கரை தரும் சான்றுகள்

பாலாற்று முகத்துவாரத்தின் அருகே, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, வசவசமுத்திரம் இருக்கிறது. 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் அங்கே உறைகிணறுகளும் ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. உறைகிணற்றின் உறை, கடல் கடந்து வந்த சாடி இரண்டுமே கண்ணாடிப் பூச்சில்லாத சுடுமண். மத்தியதரைக் கடலோரத்தார் மதுச் சாடியின் உட்புறத்தில் பெரும்பாலும் பைன் மரப் பிசினைப் பூசினர். மெசொப்பொத்தேமியச் சாடிகளில் நிலக்கீல் பூசினர். துளை வழியே சரக்கு கசியும் என்று அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

இன்னும் பழையது உள்நாட்டுச் சான்று. 1950-லும் 1952-லும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த, இதே மாவட்டத்துச் சாணூரில், பெருங்கற்காலக் கல்லறைகளுக்குள் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. கால்களோடு அத்தனை பெரிய பேழையைச் செய்து, உலர்த்தி, விரிசல் விடாமல் சுட்டெடுத்தவர்களின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட இடமே இல்லை.

சீனக் கலங்கள் இக்கரைக்கு வந்ததற்குச் சதுரங்கப்பட்டினக் கோட்டையே சாட்சி. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார் இங்கே முதன்மையாக வாங்கியது மெல்லிய துணி. ஆயினும் அவர்களது கோட்டைக்குள் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகளும் புகைக்குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. இதே நிறுவனத்தின் கப்பல்கள்தாம் பதினேழாம் நூற்றாண்டில் தேயிலையையும் ஈசிங் செந்நிறக் கெண்டிகளையும் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. டெல்ப்ட் நகரத்துக் குயவர் ஆரி தெ மில்தெ அவற்றைப் பார்த்து, ஓடும் நரி முத்திரையிட்ட சிவப்புக் கெண்டிகளைச் செய்தார். 1710-ல் ஜெர்மனியில் தொடங்கிய மெய்சன் பீங்கான் பட்டறையும் வெண்பீங்கானை விற்குமுன் சிவப்புக் கல்மண் கலங்களில்தான் தொழிலைத் தொடங்கியது. பளபளக்கும் பீங்கானுக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஐரோப்பா, பூச்சில்லாத இந்தக் கெண்டியையும் சேர்த்தே விரும்பியிருக்கிறது.

3. ஆக்கம்

ஈசிங்கின் மண் ஸீஷா எனப்படும். ஊதா மணல் என்று பொருள். ஹுவாங்லுங் மலையில் அது பாறையாகவே கிடைக்கிறது. வெட்டியெடுத்து, வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, பொடித்து, சலித்து, நீர் சேர்த்துப் பிசைந்து, பிறகு நெடுநாள் ஊறவைக்கிறார்கள். ஊதா, சிவப்பு, வெளிர்மஞ்சள் என நிறம் வேறுபடுவதற்கு இரும்பின் அளவும் சூளையின் காற்றும் காரணம். இம்மண்ணில் குவார்ட்சும் அப்பிரகமும் கலந்திருப்பதால், 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை சுட்டபின்னும் உடல் முழுதும் கண்ணாடியாகி அடைத்துக்கொள்வதில்லை.

மரபான ஈசிங் கெண்டி சக்கரத்தில் எழுவதில்லை. மண்ணை மரச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, நீள்பட்டையாக நறுக்கி, வட்டத் தகட்டைச் சுற்றி உருளையாக வளைக்கிறார்கள். அதைச் சிறு சுழல்பலகையில் வைத்து, உள்ளே விரல்களை அணை கொடுத்து, வெளியே மரத்தட்டியால் தட்டத் தட்ட வாயும் அடியும் ஒடுங்கி வயிறு திரளும். மூக்கும் கைப்பிடியும் மண்குழம்பால் ஒட்டப்படும். மிகக் கடினமானது மூடி. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்தால்தான் மூடி வாயோடு இழைந்து உட்காரும்.

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். இங்குள்ள குயவர்களுக்கு மண் ஏரிப் படுகையிலிருந்து வருகிறது. அவர்கள் பானையைச் சக்கரத்தில் ஏற்றிக் கழுத்தை முடிப்பார்கள். அடி அப்போது திறந்தே இருக்கும். சற்று உலர்ந்தபின் உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, சுவரை மெல்லியதாக்குவார்கள். சக்கரம் இருந்தும் பானையின் வயிற்றை உருவாக்குவது தட்டும் கையே. ஈசிங்குக்கும் நமக்கும் இந்த இடத்தில்தான் நெருக்கம் என்று கருதுகிறேன். வைக்கோலும் விறகும் வறட்டியும் அடுக்கிய நம் சூளையின் வெப்பம் ஈசிங் சூளையைவிடப் பல நூறு டிகிரி குறைவு. எனவே நம் பானையில் துளைகள் மிகுதி. நீர் தாராளமாகக் கசியும்.

செய்தவர் பெயர் நிற்பதில்தான் வேறுபாடு பெரிது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குங் சுன் என்ற பணியாள் ஒரு துறவியிடம் இக்கலையைக் கற்றதாக ஈசிங் மரபு சொல்கிறது. பின்னர் ஷி தாபின் வந்தார். சென் மான்ஷெங் (1768–1822) என்ற அறிஞர் வடிவம் வரைந்து கவிதை பொறிக்க, குயவர் யாங் பெங்நியன் செய்து கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் கு ஜிங்சோ புகழ்பெற்றார். கெண்டியின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். நம் பானையில் அப்படி ஒரு முத்திரை இல்லை. இது தொழிலின் தாழ்வால் வந்த வேறுபாடு அல்ல. வாங்குகிறவர்கள் யார் என்பதால் வந்தது.

4. துளை செய்யும் வேலை

தண்ணீர்ப் பானையில் துளையின் வேலை வெளிப்படை. 10 லிட்டர் நீரில் 100 கிராம் சுவர் வழியே கசிந்து ஆவியானால் ஏறத்தாழ 240 கிலோ ஜூல் வெப்பம் வெளியேறும். வெளிச்சூடு உள்ளே புகாவிட்டால், மிச்ச நீர் ஐந்தரை டிகிரிக்கு மேல் குளிர அது போதும். ஆனால் ஆவியாதல் காற்றின் ஈரத்துக்குக் கட்டுப்பட்டது. கத்திரி வெயிலில் உள்நாட்டுக் காற்று 38 டிகிரியும் 35 விழுக்காடு ஈரப்பதமுமாக இருந்தால் பானை நீர் 26 டிகிரி வரை இறங்க இயலும். கடலோரத்தில் 34 டிகிரியும் 70 விழுக்காடுமாக இருக்கும்போது 29-க்குக் கீழே போகாது. ஒரே குயவர் செய்த பானை மதுராந்தகத்தில் குளிர்வதுபோல் சதுரங்கப்பட்டினத்தில் குளிராததற்கு மண்ணைக் குறை சொல்லக் கூடாது. கடற்காற்று வீசும் திண்ணையில் வைத்தால் அந்த எல்லையை விரைவாகவாவது எட்டும். வண்ணமும் வார்னிஷும் அடித்து விற்கும் அலங்காரப் பானைகளில் துளைகள் அடைபடுவதால் அவை குளிர்விப்பதில்லை. நல்ல பானையை அப்படிப் பாழாக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

தயிர்க் கலயத்தின் சுவர் நீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகுகிறது. குழம்புச் சட்டியின் துளைகளில் எண்ணெயும் கஞ்சியின் மாவுச்சத்தும் புகுந்து நிற்பதால் கசிவு நிற்கிறது. ஈசிங் கெண்டி கசிவதே இல்லை. அதன் உட்சுவரில் தேயிலையின் சாறும் மணமும் படிகின்றன. பழகிய கெண்டியில் வெந்நீர் மட்டும் ஊற்றினாலே தேநீர் கிடைக்கும் என்பது வியாபாரிகளின் மிகைப்பேச்சு.

5. பேணுதல்

புதுச் சட்டியை நம் வீடுகளில் நீரில் ஊறப்போட்டு, அரிசி கழுநீரோ கஞ்சியோ ஊற்றி இளந்தீயில் சூடாக்கி, எண்ணெய் தடவிப் பழக்குகிறார்கள். ஈசிங் கெண்டியையும் வெந்நீரில் அலசி, தேயிலை போட்டு மெல்லக் காய்ச்சிய நீரில் ஆறவிடுகிறார்கள். இரண்டிலும் சோப்புக்கு இடமில்லை: துளைக்குள் போன சோப்பு அடுத்த சூட்டில் வெளியே வரும். மீன்சட்டியில் பால் காய்ச்சக் கூடாது என்பது நம் வழக்கம். ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலை என்பது அவர்கள் வழக்கம். தேநீர் முடிந்ததும் இலையைக் கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்துவைத்துக் காயவிட வேண்டும். மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும். நாளும் துணியால் துடைத்துவரக் கெண்டியின் புறத்தில் அடக்கமான மெருகு ஏறும்.

தண்ணீர்ப் பானைக்கு வயது உண்டு. கடலோரக் கிணற்று நீரின் உப்பு, ஆவியாகும் இடத்தில் தங்கி வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும். துளைகளும் மெல்ல அடையும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டால் ஓரளவு மீளும். குளிர்ச்சி குறைந்துவிட்ட பானையைத் தானியம் வைக்கவோ செடி வளர்க்கவோ விட்டுவிட்டு, அடுத்த கோடைக்குப் புதிது வாங்குவதே சரி. அதற்குக் குயவருக்கு மண் கிடைக்க வேண்டும். ஏரி வண்டலை உழவர்களும் குயவர்களும் இலவசமாக எடுக்க வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு எளிதாக்கியது நல்ல செயல்.

6. ஓடுகளின் துளைகள்

கலத்தின் துளையில் தங்கிய கொழுப்பு, பானை உடைந்து மண்ணுக்குள் போன பின்னும் நெடுங்காலம் நிற்கும். சிந்துவெளிப் பானை ஓடுகளிலிருந்து அத்தகைய எச்சங்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் என்ன சமைத்தார்கள் என்று ஆய்ந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பூச்சிட்ட பீங்கான் சில்லு இப்படி எதையும் சேமித்துத் தருவதில்லை. ஆகவே வசவசமுத்திரம் போன்ற இடங்களில் இனி அகழும்போது, ஒரு பகுதி ஓடுகளையாவது அமிலத்தில் கழுவாமலும் வெறுங்கையால் தொடாமலும் நெகிழித் தாளில் சுற்றாமலும், அலுமினியத் தாளில் மடித்துத் தனியே வைக்க வேண்டும்.