சந்து என்னும் சொல்

பகைத்து நின்ற இருவரிடையே புகுந்து, போரை நிறுத்தி, அவ்விருவரையும் பொருத்துதலைச் 'சந்து செய்தல்' என்பது தமிழ் வழக்கு. இச்சொல்லின் வரலாற்றை ஆராய்வார்க்குப் படைக்கலம் ஓய்தல் வேறு, பகை தீர்தல் வேறு என்பது இனிது புலனாம்.

சந்து என்பது சந்தி என்னும் வடசொல்லின் திரிபு. அவ்வடசொல்லுக்குச் சேர்த்துவைத்தல் என்பது பொருள். எழுத்தொடு எழுத்துப் புணர்தலும், இரவும் பகலும் கூடும் பொழுதும், தெருக்கள் கூடும் இடமும் சந்தி எனவே பெயர் பெற்றன. ஆகலின் இச்சொல்லின் உயிர்ப்பொருள் நிற்றலன்று, கூடுதலேயாம்.

1909-ஆம் ஆண்டில் மைசூரில் சாமசாஸ்திரியாரால் அச்சேற்றப்பெற்ற கௌடிலியரின் அர்த்தசாத்திரம், அரசர்க்குரிய அறுவகைச் செயல்களுள் சந்தியை முதற்கண் வைத்து, ஆசனம் என்பதனை வேறாக எண்ணுகின்றது. சந்தி உடன்படிக்கையாற் பிணிப்புண்டல். ஆசனம் யாதொன்றும் செய்யாது வாளா இருத்தல். மேலும் அந்நூல் சமம், சந்தி, சமாதி என்னும் மூன்றும் ஒருபொருட் சொற்களே என்றும், அரசர் தம்முள் நம்பிக்கை எய்துதலே அப்பொருள் என்றும் கூறும். சத்தியத்தாற் செய்யும் சந்தி நிலையாது, பிணையாளரைக் கொண்டு செய்வதே நிலைக்கும் என்றனர் முன்னை ஆசிரியர். கௌடிலியர் அதனை மறுத்துச் சத்தியம் இம்மை மறுமை இரண்டினும் நிற்பது, பிணையோ இம்மையளவிற்றே என்றார்.

இவ்வுண்மைக்குத் தமிழ்நாட்டு வரலாறும் சான்றாகும். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான்; நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான். இருவர் சூடியதும் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என எடுத்துரைத்தார் கோவூர்கிழார். புறநானூற்றில் 45-ஆம் பாட்டாகிய அது துணைவஞ்சி என்னும் துறையின்பாற்படும். பொருவானைச் சந்து செய்வித்தலே அத்துறையின் இலக்கணம். எனினும், நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றரெனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தமையும், கோவூர்கிழாரே அவரை உய்வித்தமையும் 47-ஆம் பாட்டால் அறியப்படும். நம்பிக்கையில்லாவழிப் புலவரும் ஒற்றராய்த் தோன்றுவர்.

இனி, பெரியபுராணத்துள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாற்றை நோக்குக. சங்கிலியாரை மணந்தமைபற்றி ஊடிய பரவையாரிடத்துச் சுந்தரர்பொருட்டு ஆரூர்ப் பெருமானே இருமுறை தூது நடந்தருளினார். ஆண்டவனை ஏவுவதோ எனச் சினந்தார் கலிக்காமர். இரு தொண்டரையும் கூட்டத் திருவுளங்கொண்ட இறைவர் கலிக்காமர்க்குச் சூலைநோய் தந்து, அது சுந்தரரால் அன்றித் தீராது என்றருளினார். அவரால் தீர்தலினும் சாதல் நன்றெனக் கலிக்காமர் தம் வயிற்றை உடைவாளாற் கிழித்து மாய்ந்தார். வந்து கண்ட சுந்தரரும் தம் உயிர்விடத் துணிந்து வாளைப் பற்றினார். அக்கணமே திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பிடித்துத் தடுத்தார். ஒருவர் திருவடியில் ஒருவர் வீழ்ந்தனர்.

ஈண்டுப் பிணையும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. ஒருவர் மற்றவர்க்காகத் தம் உயிரை ஈயத் துணிந்த அன்பே சந்தாயிற்று. அதனைக் கூட்டியது திருவருள். வாள் உறையுட் புகுதல் மட்டுமே நிகழ்ந்திருப்பின் அஃது ஆசனமேயாம்.

தாள், தலை என்னும் இரு சொல்லும் புணர்ந்து 'தாடலை' என ஒருசொல் நீர்மைப்பட்டு நிற்றலை, முத்தியில் உயிர் சிவத்தொடு கூடுதற்கு உவமையாகத் திருவருட்பயனில் அமைத்தார் உமாபதிசிவனார். அஃதும் சந்தியே. இரண்டனுள் ஒன்று அழியவேண்டுவதில்லை. வேறென நிற்கும் முனைப்பு ஒழிதலே வேண்டப்படுவது. மக்களிடை நிகழும் சந்துக்கும் இதுவே இலக்கணமெனக் கொள்க.