தூய சைன் அலையிலிருந்து எண்முறை அலை வரை: ஃபங்ஷன் ஜெனரேட்டரின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

மின்னணுவியல் ஆய்வகத்தின் மேசையில் ஃபங்ஷன் ஜெனரேட்டரும் ஆஸிலோஸ்கோப்பும் அருகருகே இருக்கும். ஆஸிலோஸ்கோப் காட்டுவதை மாணவர் உற்று ஆராய்கிறார். ஜெனரேட்டர் தருவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். பெருக்கியின் வெளியீட்டில் திரிபு தெரிந்தால் பழி பெருக்கியின்மேல் விழுகிறது. உள்ளே சென்ற அலை தூயதுதானா என்று கேட்பவர் குறைவு.

அந்த அலையை உருவாக்கும் முறை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை அடியோடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வசதி கிடைத்தது. ஏதோ ஒரு பண்பு கைவிடப்பட்டது. புதிய முறை எதுவும் பழையதை எல்லா வகையிலும் வென்றுவிடவில்லை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக்கவையும் வால்வும்

ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒலியுணர்வு பற்றி 1863இல் வெளியிட்ட நூலில், மின்காந்தத்தால் தொடர்ந்து அதிரவைக்கப்பட்ட இசைக்கவைகளைக் கொண்டு செய்த ஆய்வுகளை விவரித்தார். இசைக்கவையின் ஒலி மிகத் தூயது. ஆனால் ஒரு கவைக்கு ஓர் அதிர்வெண்தான். அதிர்வெண்ணை மாற்ற வேண்டுமானால் கவையையே மாற்ற வேண்டும்.

1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனை வால்வை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆர்ம்ஸ்ட்ராங், ஜெர்மனியின் மைஸ்னர் உள்ளிட்டோர் வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பித் தொடர் அலைவைப் பெற்றனர். அதிர்வெண்ணைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் நிர்ணயித்தன. வானொலி அதிர்வெண்களுக்கு இது பொருத்தமாக இருந்தது. செவிப்புல அதிர்வெண்களுக்கோ பெரிய, கனமான சுருள்கள் தேவைப்பட்டன. மேலும், இச்சுற்றில் அதிர்வெண் மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். மின்தேக்கியைப் பத்து மடங்கு மாற்றினாலும் அதிர்வெண் ஏறத்தாழ 3.2 மடங்குதான் நகரும்.

இதற்கு மாற்றாக விம்மல் முறை வந்தது. இரண்டு உயர் அதிர்வெண் அலைகளைக் கலந்து, அவற்றின் வேறுபாட்டை மட்டும் வெளியே எடுப்பது இம்முறை. ஒரே திருகில் செவிப்புலம் முழுவதையும் கடக்க முடிந்தது. ஆனால் நிலைப்புத்தன்மை குலைந்தது. 100 கிலோஹெர்ட்ஸ் அலை வெப்பத்தால் 0.01 சதவீதம் விலகினால் அது 10 ஹெர்ட்ஸ் விலகல். வெளியே எடுக்கும் 100 ஹெர்ட்ஸ் அலையில் அது 10 சதவீதப் பிழை.

ஹியூலெட்டின் விளக்கு

தீர்வுக்கான கூறுகள் தனித்தனியே காத்திருந்தன. மின்தடைகளும் மின்தேக்கிகளும் மட்டும் கொண்ட பாலச் சுற்றை மாக்ஸ் வீன் 1891இலேயே அமைத்திருந்தார். 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டறிந்தார். அதே ஆய்வகத்தின் மீச்சம், படிக அலையியற்றியின் வீச்சை நிலைப்படுத்தச் சிறு மின்விளக்கைப் பயன்படுத்தி 1938இல் கட்டுரை வெளியிட்டார்.

ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் டெர்மனின் மாணவரான வில்லியம் ஹியூலெட், 1939இல் அளித்த ஆய்வேட்டில் இவற்றை ஒன்றிணைத்தார். வீன் வலையமைப்பில் அதிர்வெண் மின்தேக்குத்திறனுக்கு நேர் எதிர்விகிதத்தில் மாறும். மின்தேக்கியைப் பத்து மடங்கு மாற்றினால் அதிர்வெண்ணும் பத்து மடங்கு மாறும். ஆனால் அலைவு நிலைத்திருக்கப் பெருக்கம் சரியாக 3 ஆக இருக்க வேண்டும். சற்றே குறைந்தால் அலை அடங்கிவிடும். சற்றே கூடினால் முகடுகள் வெட்டுப்பட்டுத் திரிபு தோன்றும்.

இந்தச் சமநிலையை விளக்கின் டங்ஸ்டன் இழை காத்தது. வீச்சு கூடினால் இழை சூடாகும். அதன் மின்தடை உயரும். எதிர்ப் பின்னூட்டம் மிகும். பெருக்கம் தானே குறையும். வீச்சு குறைந்தால் இது தலைகீழாக நடக்கும்.

ஹியூலெட்டும் டேவிட் பக்கார்டும் அதே ஆண்டில் பாலோ ஆல்டோவின் வண்டிக்கொட்டகை ஒன்றில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருள் எச்பி 200ஏ என்ற இந்த அலையியற்றி. விலை 54.40 டாலர். அதன் திருத்திய வடிவமான 200பி கருவிகள் எட்டினை, ‘ஃபேன்டேசியா’ திரைப்படத்தின் ஒலியமைப்புப் பணிக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது.

முக்கோணத்திலிருந்து சைன்

விளக்கின் வலிமையே அதன் எல்லையும் ஆயிற்று. இழையின் வெப்பம் அலையின் ஒவ்வொரு சுழற்சியையும் பின்தொடராமல், சராசரிக்கு மட்டுமே இசைய வேண்டும். அலை மிக மெதுவானால் இழை ஒவ்வொரு சுழற்சியிலும் சூடாகிக் குளிரும், அலைவடிவமே சிதையும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பொறியியல், புவியியற்பியல், மருத்துவக் கருவியியல் ஆகிய துறைகளுக்குத் தேவைப்பட்டவையோ ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழான அலைகள்.

1950களின் தொடக்கத்தில் வந்த எச்பி 202ஏ, அலையை உருவாக்கும் வரிசையைத் தலைகீழாக்கியது. இரு நிலைகளுக்கிடையே தாவும் சுற்று முதலில் சதுர அலையைத் தருகிறது. தொகையீட்டுச் சுற்று அதை முக்கோண அலையாக்குகிறது. டையோடு வலையமைப்பு முக்கோணத்தின் சரிவுகளைப் படிப்படியாக வளைத்துச் சைன் அலைக்கு அருகே கொண்டுவருகிறது. இதன் அதிர்வெண் எல்லை 0.008 முதல் 1,200 ஹெர்ட்ஸ் வரை. மூன்று அலைவடிவங்களையும் ஒரே கருவியில் தரும் இந்த அமைப்பே ஃபங்ஷன் ஜெனரேட்டர் என்ற தனி வகைக்கு அடித்தளமிட்டது.

அலையின் வீச்சை இங்கே தாவும் மின்னழுத்த எல்லைகளே நிர்ணயிப்பதால் விளக்கு தேவையில்லை. மின்தேக்கியை நிரப்பும் மின்னோட்டத்தை மாற்றினால் அதிர்வெண் உடனே மாறும். அதை வெளி மின்னழுத்தத்தாலும் கட்டுப்படுத்தலாம். இழப்பு தூய்மையில் நேர்ந்தது. முக்கோண அலையின் மொத்தச் சீரிசைத் திரிபு சுமார் 12 சதவீதம். வளைத்த பின்பும் ஏறத்தாழ ஒரு சதவீதம் எஞ்சுவது இவ்வகைக் கருவிகளில் வழக்கம்.

இதே கொள்கை 1970களில் ஐசிஎல் 8038, எக்ஸ்ஆர் 2206 போன்ற தொகுப்புச் சுற்றுகளில் அடங்கியது. ஒரு சில்லு, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி இருந்தால் மாணவரே ஜெனரேட்டர் செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது.

கணக்கிலிருந்து அலை

1971இல் டியர்னி, ரேடர், கோல்ட் ஆகிய மூவரும் எண்முறை அதிர்வெண் தொகுப்பி பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் ஒரு கூட்டல் பதிவகத்தில் குறிப்பிட்ட எண் கூட்டப்படுகிறது. பதிவகத்தின் மதிப்பு அலையின் கட்டத்தைக் குறிக்கிறது. நினைவகத்திலுள்ள சைன் அட்டவணை அதற்குரிய மதிப்பைத் தர, எண்-தொடர் மாற்றி அதை மின்னழுத்தமாக்குகிறது. வடிகட்டி படிக்கட்டு வடிவை மென்மையாக்குகிறது. கூட்டும் எண் பெரிதானால் அதிர்வெண் கூடும்.

1990களில் இது ஒரே சில்லில் மலிவாகக் கிடைத்தது. ஏடி 9850 சில்லில் பதிவகம் 32 பிட். கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ். எனவே அதிர்வெண்ணை ஏறத்தாழ 0.03 ஹெர்ட்ஸ் படிகளில் அமைக்கலாம். துல்லியம் படிகக் கடிகாரத்தையே சார்ந்தது. இதற்கும் விலை உண்டு: மாற்றியின் பிட் வரம்பால் தேவையற்ற சிற்றலைகள் எழுகின்றன, கூர்மூலை கொண்ட அலைகள் உயர் அதிர்வெண்ணில் வடிகட்டியால் மழுங்குகின்றன.

ஆய்வக நடைமுறையில்

இவ்வரலாறு மூன்று பழக்கங்களை வலியுறுத்துகிறது. முதலாவது, பெருக்கியின் திரிபை அளக்கும்முன் ஜெனரேட்டரின் வெளியீட்டை நேராக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சதவீதத் திரிபுள்ள அலையைக் கொடுத்து 0.1 சதவீதப் பெருக்கியைச் சோதிக்க இயலாது. அத்தகைய அளவீட்டுக்கு வீன் பாலத்தின் வழிவந்த குறைதிரிபு அலையியற்றியே இன்றும் ஏற்றது.

இரண்டாவது, வெளியீட்டு மின்னெதிர்ப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய ஆடியோ கருவிகளின் 600 ஓம், தொலைபேசிக் கம்பிகளின் மரபு; இன்றைய 50 ஓம், உயர் அதிர்வெண் கோஆக்சியல் கேபிளின் மரபு. 50 ஓம் சுமைக்கு 5 வோல்ட் என்று அமைத்த கருவியை உயர் மின்தடையுள்ள சுற்றோடு இணைத்தால் 10 வோல்ட் செல்லும். திரையின் எண்ணும் ஆஸிலோஸ்கோப்பின் எண்ணும் மாறுபடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மூன்றாவது, சோதனைக்கேற்ற அலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சதுர அலை ஒன்றே பெருக்கியின் எழுநேரத்தையும் அதிர்வையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். 0.35ஐ எழுநேரத்தால் வகுத்தால் பட்டை அகலம் தோராயமாகக் கிடைக்கும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் சைன் அலை கொடுத்து வரைபடம் தயாரிக்கும் உழைப்பை இது முதற்கட்டத்தில் மிச்சப்படுத்தும்.

முடிவுரை

இசைக்கவை தூய்மையைத் தந்தது. ஹியூலெட்டின் விளக்கு அத்தூய்மையை எளிதில் மாற்றக்கூடிய அதிர்வெண்ணோடு இணைத்தது. முக்கோண முறை தூய்மையைச் சிறிது விட்டுக்கொடுத்துப் பல அலைவடிவங்களையும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களையும் பெற்றது. எண்முறை அதிர்வெண் துல்லியத்தைக் கொண்டுவந்தது. ஆகவே “சிறந்த ஜெனரேட்டர் எது?” என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது, அளவீடுதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஆய்வகக் கையேடுகள் குமிழ்களின் பெயர்களோடு நின்றுவிடாமல், கருவியின் அலை எம்முறையில் உருவாகிறது என்பதையும் ஒரு பக்க அளவிலாவது விளக்க வேண்டும். மாணவரின் முதல் சோதனையும் ஜெனரேட்டரையே அளப்பதாக அமைய வேண்டும்.