சக்கரக் கணக்கும் பஸ் கண்டக்டரும்

பஸ் கண்டக்டர் வேலைக்குப் படிப்போ மூளையோ வேண்டுவதில்லை, தோல்பையும் உரத்த குரலும் இருந்தாற் போதும் என்பது நம்மிற் பலருடைய அபிப்பிராயம். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவ்வாறு நினைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா அரசாங்க பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வண்டியில் மகாராஜாவே பிரயாணம் செய்தார். லண்டன் போக்குவரத்து நிலையத்திலிருந்து வருவிக்கப்பெற்ற சால்டர் என்னும் அதிகாரி அதனை ஓட்டினார். அந்தப் போக்குவரத்துக்குக் கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் நியமனம் பெற்றவர் நூறு பட்டதாரிகள்!

படித்தவர்க்கு வேலை கிடைக்காத காலம் அது. அதனால்தான் வந்தார்கள் என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அவ்வேலையின் கணக்கைச் சற்றே பார்த்தால், பட்டம் வீண்போகவில்லை என்பது புலனாகும்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகப் போகிறது. 1979ஆம் ஆண்டு வரையில் இப்பகுதிக்கு ரயில் கிடையாது; எல்லாம் சாலைதான். கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். முதல் வகுப்புக்கு ஒன்றரை மடங்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம். அதற்குமேல் பதினான்கு வரையில் பாதி. மூட்டை 28 ராத்தல் வரை இலவசம்; 56 ராத்தல் வரை நான்கு சக்கரம்; 112 வரை ஆறு. ஒரு சக்கரத்துக்குப் பதினாறு காசு. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28½ சக்கரம்!

நெய்யாற்றின்கரையில் கணவனும் மனைவியும் ஐந்து வயதுப் பிள்ளையும் நாற்பது ராத்தல் மூட்டையோடு ஏறுகின்றனர் என்று கொள்வோம். பாறசாலைக்கு ஏறக்குறைய ஆறு மைல். பெரியவர்களுக்கு ஆறு சக்கரம், பிள்ளைக்கு ஒன்றரை, மூட்டைக்கு நான்கு; ஆகப் பதினொன்றரை. அவர்கள் நீட்டுவது பிரிட்டிஷ் ரூபாய். மீதி பதினேழு சக்கரம். இதனை ஆடும் வண்டியில் நின்றபடி, காகிதமும் பென்சிலும் இன்றி, அடுத்த நிறுத்தம் வருமுன் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு மூன்று நிரம்பவில்லை என்று தாய் சாதித்தால், அவள் மனம் நோகாமலும் சர்க்கார் பணம் குறையாமலும் தீர்ப்புச் சொல்வதும் அவர் கடமையே. எந்தப் பரீட்சையிலும் இந்தப் பாடம் இல்லை.

அடுத்தது பாஷை. பாறசாலைப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. "இவிடெ மதி" என்று ஒருவர் சொன்னால், அது அறிவைப் பற்றியதுமன்று, நிலவைப் பற்றியதுமன்று. இங்கே நிறுத்தினாற் போதும் என்பதே பொருள். "வெள்ளம்" என்றால் வெள்ளப்பெருக்கு என்று பயந்துவிடக் கூடாது; குடிக்கும் தண்ணீர்தான். நான் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன். மேசையும் அகராதியும் எனக்கு உண்டு. ஐயம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தாளை ஒதுக்கிவைக்கவும் முடியும். கண்டக்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்து அணாக் கணக்கு நிலைத்தது. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை ஒருபுறம், களியக்காவிளை மறுபுறம். பெண் கொடுத்ததும் கொண்டதும், சந்தைக்குப் போவதும், கோயிலுக்குப் போவதும் முன்போலவே இருந்தன. எல்லை மட்டும் புதிது.

அந்த எல்லைக்கு ஐந்து மாதம் நிறைந்ததும், 1957 ஏப்ரல் முதல் தேதி, நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஆனால் காலுக்கு நாணயம் இல்லை. ஆதலால் ஓரணாவுக்கு ஆறு என்றும், இரண்டணாவுக்குப் பன்னிரண்டு என்றும், மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்றும் சர்க்கார் அட்டவணை வகுத்தது. மூன்று தனி அணாவாக எண்ணினால் பதினெட்டுத்தானே, ஒன்று எங்கிருந்து முளைத்தது என்று பிரயாணி கேட்பார். இருபதாண்டுக்குள் மூன்றாவது கணக்கைக் கற்ற கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, அதனைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்க வேண்டியிருந்தது.