உப்பல்: நகரம் வந்து சேர்ந்த ஊர்

ஐதராபாத்தின் கிழக்கு விளிம்பில், செகந்திராபாத்திலிருந்து வரங்கலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் நகரைச் சுற்றிவரும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ள உப்பல், அந்நகரைப் பற்றிய வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறும் ஊர். கோல்கொண்டாக் கோட்டையைப் பற்றியும், 1591இல் எழுப்பப்பட்ட சார்மினாரைப் பற்றியும், நிஜாம்களின் அரண்மனைகளைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நகரில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் ஊர் என்று நினைவில் சுமந்தது, தார்நாக்கா, ஹப்சிகூடா, உப்பல் எனத் தொடரும் கிழக்குச் சாலையையும், அதை ஒட்டியிருந்த ஏரிகளையும் ஆய்வுக்கூடங்களையும் குடியிருப்புகளையுமே. படிப்பின் பொருட்டும் வேலையின் பொருட்டும் வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் அவர்களால் வளர்ந்த இடத்தை அடையாளம் காண முடிவதில்லை என்றால், அதற்கு அவர்களது மறதியைக் குறை சொல்வது பொருந்தாது. கோட்டைக்கும் மசூதிக்கும் கிடைக்கும் பாதுகாப்பு நகரத்தின் விளிம்புக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை, அதன் வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பையும் எவரும் ஏற்பதில்லை.

உப்பல் கலான் என்பதே ஊரின் முழுப்பெயர். ஒரே பெயருடைய ஊர்களைப் பிரித்துக் காட்ட நிலவரிப் பதிவேடுகளில் பெரியதைக் ‘கலான்’ என்றும் சிறியதைக் ‘குர்த்’ என்றும் எழுதும் பாரசீக வழக்கம் தக்காணத்தில் பரவலாக இருந்தது; உப்பல் பிற்காலத்தில் நகராட்சி ஆனபோதும் அந்த ஒட்டு நீங்கவில்லை. நிஜாம் ஆட்சியில் தலைநகரைச் சூழ்ந்த சிற்றூர்கள் ‘அத்ராஃபே பல்தா’, அதாவது நகரைச் சுற்றிய பகுதி, என்னும் தனி மாவட்டமாக ஆளப்பட்டன. அம்மாவட்டத்தில் பெரும்பங்கு, வருவாய் நேரே நிஜாமின் சொந்தக் கருவூலத்துக்குச் செல்லும் ‘சர்ஃபே காஸ்’ நிலமாக இருந்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்ததையும், மறு ஆண்டில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டதையும் தொடர்ந்து இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

கல்லில் எழுப்பிய சின்னம் எதையும் உப்பலில் தேடிப் பயனில்லை. அவ்வூரின் பழமை முழுவதும் அதன் ஏரிகளில் அடங்கியிருந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய கருங்கல் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்திய நிலம் அது. மழைநீரை ஊறவிடாத அந்நிலத்தில் பயிர் செய்ய வேண்டுமெனில் ஓடும் நீரைக் கரை கட்டித் தேக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை, வரங்கலைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காகதியர் காலத்திலேயே தெலங்கானா மக்கள் கண்டுகொண்டனர். தமிழகத்து உழவர்கள் ஏரி, குட்டை, மதகு, கலிங்கு எனக் கூறுபவற்றை அங்குள்ளோர் செருவு, குண்ட, தூமு, அலுகு என்பர். நீர் வற்றிய மாதங்களில் பயிரிடப்படும் ஏரிப்படுகைக்குச் ‘சிகம்’ நிலம் என்று பெயர். உப்பலின் நல்லசெருவும் அதை அடுத்துள்ள ராமந்தாபூரின் பெத்தசெருவு, சின்னசெருவு ஆகியவையும் இவ்வகையில் உருவானவை. மேட்டு ஏரி நிறைந்து அலுகு வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று, எஞ்சியது தெற்கே முசி ஆற்றில் சேரும் சங்கிலி அமைப்பைக் கொண்டவை அவை. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் ஏரித்தொடர்களை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று.

1908 செப்டம்பர் 28இல் பெருகிய முசி வெள்ளம் பல்லாயிரம் உயிர்களைப் பலி கொண்டபின், பொறியாளர் மோ. விசுவேசுவரய்யாவின் திட்டப்படி நகருக்கு மேற்கே உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. நகரம் வெள்ளத்திலிருந்து காக்கப்பட்டு, குடிநீரும் பெற்றது. அதன் மறுபக்கம் கிழக்கே தெரிந்தது: மேலே தடுக்கப்பட்ட ஆறு, நகரைக் கடந்து உப்பலுக்குத் தெற்கே வரும்போது ஆண்டின் பெரும்பகுதியில் நகரின் கழிவுநீரையே சுமந்து வரலாயிற்று. ஆற்றங்கரையில் காய்கறியும் பழமும் விளைந்த தோட்ட நிலங்கள் ‘பாகாயத்’ எனப்பட்டன. கழிவுநீர் மிகுந்தபின் அக்கரையில் நெல்லும் காய்கறியும் குறைந்து, அந்நீரிலும் செழிக்கும் பாராப் புல் பரவியது. நகரின் எருமைப் பண்ணைகளுக்குத் தீவனமாக நாள்தோறும் அறுத்து அனுப்பப்பட்ட இப்புல்லே ஐதராபாத்தின் பால் விநியோகத்தில் ஒரு பகுதியைத் தாங்கியது. நகரம் தள்ளிவிட்டதை வாங்கி, நகரத்துக்கு வேண்டியதைத் திருப்பித் தரும் இந்த உறவில்தான் விளிம்பூரின் வாழ்க்கை நடந்தது.

நகரம் கிழக்கு நோக்கி நகர்ந்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது செகந்திராபாத். 1798 உடன்படிக்கைப்படி நிலைகொண்ட கும்பினிப் படையின் பாளையமாகத் தொடங்கி, 1806இல் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரைப் பெற்ற அவ்வூரில், சென்னை மாகாணப் படையுடனும் அதன் கொள்முதல் வணிகத்துடனும் வந்த தமிழர்கள் வேரூன்றினர். அங்கு 1862இல் மஹ்பூப் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். இரண்டாவது ரயில்வே: நிஜாம் அரசின் ரயில்வே லாலாகூடாவில் அமைத்த பணிமனையும், 1966இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்மத்திய ரயில்வேயும் கிழக்குப் பகுதியைப் பணியாளர் குடியிருப்புகளால் நிரப்பின. மூன்றாவது 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம். அதன் கலைக்கல்லூரிக் கட்டடம் 1939இல் திறக்கப்பட்டபின், தார்நாக்கா வரையிலான நிலம் கல்வியாளர்களின் பகுதியாயிற்று.

பல்கலைக்கழகத்தைத் தாண்டி உப்பல் வரை நீண்ட மேட்டுநிலத்தில் ஆய்வுக்கூடங்கள் அடுத்தடுத்து எழுந்ததே அப்பகுதியின் தன்மையைத் தீர்மானித்த நிகழ்வு; அதில் தமிழகத்தின் பங்கு பேசப்படாமலே இருக்கிறது. ராபர்ட் மக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவு, சத்துணவு ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் நீலகிரியைவிட்டுத் தார்நாக்காவுக்கு இடம்பெயர்ந்தது. 1969இல் தேசியச் சத்துணவு நிறுவனம் எனப் பெயர்பெற்றது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில், 1971இல், அந்நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணை, நாடெங்கும் மருத்துவமனைகளும் பள்ளி உணவுத் திட்டங்களும் புரட்டிப் பார்க்கும் கையேடாயிற்று. 1961இல் உப்பல் சாலையில் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர், தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்த மா. சீ. கிருஷ்ணன்; இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரும் அவரே. 1944இல் நிஜாம் அரசு தொடங்கி, 1956இல் மத்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்துடன் இணைந்த ஆய்வுக்கூடம், இன்று இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமாக அச்சாலையிலேயே இயங்குகிறது. அதன் வளாகத்தில் 1977இல் பிறந்து, புஷ்ப மித்ர பார்கவாவின் முயற்சியால் அருகிலேயே தனிக்கட்டடம் பெற்ற உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம், இந்தியாவில் மரபணு அடையாளச் சோதனைக்கு வழிவகுத்தது.

இவற்றுள் உப்பலுக்கே உரியது இந்திய நில அளவைத்துறையின் பயிற்சி நிறுவனம். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவை, ஏறத்தாழ 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே சென்று, நிஜாமின் நாட்டைக் குறுக்காகக் கடந்தது. லாம்டனின் உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் 1818இல் வந்து சேர்ந்ததும் இந்த ஐதராபாத் பகுதிப் பணியில்தான். அத்துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1967இல் தனது பயிற்சி மையத்தை உப்பலில் அமைத்தபோது, நாடு முழுவதற்கும் வரைபடம் தீட்டுவோர் கற்கும் இடமாயிற்று அவ்வூர். அங்கு பயின்றவர்கள் இந்தியாவின் ஒவ்வொரு ஏரியையும் மேட்டையும் தாளில் குறிக்கக் கற்றுச் சென்ற அதே ஆண்டுகளில், பயிற்சி மையத்தைச் சூழ்ந்த ஏரிகள் சுருங்கத் தொடங்கின என்பது வருந்தத்தக்கது.

மத்திய அரசுப் பணியாளர்களின் பிள்ளைகள் இச்சாலையில் பெற்ற வளர்ப்பு, பழைய நகரத்தின் வளர்ப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டது. வீட்டில் தமிழோ வங்காளமோ மலையாளமோ, மத்தியப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், கடைவீதியில் தெலுங்கும், பேருந்திலும் இரானித் தேநீர்க் கடையிலும் ‘நக்கோ’, ‘ஹௌ’ என ஒலிக்கும் தக்கனி உருதுவும் பழகிய தலைமுறை அது. ஆடி மாதத்துப் போனாலு விழாவில் மண்பானையில் பொங்கல் சுமந்து அம்மன் கோயிலுக்குச் செல்லும் பெண்களையும், மகாளய அமாவாசையில் தொடங்கும் பதுக்கம்மா விழாவில் தங்கேடுப் பூவை அடுக்கடுக்காக அமைத்து, சுற்றி வந்து பாடி, ஏரியில் விடும் ஊர்ப்பெண்களையும் அப்பிள்ளைகள் கண்டனர். தங்கேடு என்பது தமிழர் அறிந்த ஆவாரம்பூவே. பூவை விடுவதற்கு ஏரி வேண்டும் என்பதால், ஏரியின் கரை ஊரின் பொது முற்றமாகவும் இருந்தது.

இவ்வகை வளர்ப்பைத் தமிழில் இலக்கியமாக்கியவர் அசோகமித்திரன். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, ரயில்வே ஊழியரான தந்தையின் மறைவுக்குப்பின் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவர், கால் நூற்றாண்டு கழித்து 1977இல் வெளியிட்ட ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில், லான்சர் பாரக்ஸ் குடியிருப்பின் ஓர் இளைஞன் வழியே 1948ஆம் ஆண்டின் நெருக்கடியைக் காட்டினார். எழுத்தின் வழியாக நிகழ்ந்த ஊர் திரும்பலாக அந்நாவலைக் கொள்வது தகும். செகந்திராபாத்துக்கு அப்படியொரு பதிவு வாய்த்தது. அதற்குச் சில கிலோமீட்டர் கிழக்கேயுள்ள உப்பலின் வளர்பருவம் தன் எழுத்தாளரை இன்னும் எதிர்நோக்கியிருக்கிறது.

உப்பலின் மாற்றம் படிப்படியாகத் தொடங்கிப் பின்னர் விரைந்தது. தொழிற்பேட்டை, வரங்கலுக்கும் யாதகிரிகுட்டாவுக்கும் செல்லும் பேருந்துகளின் நிறுத்தம், வட்டச்சாலைச் சந்திப்பு ஆகியவை முதலில் வந்தன. 2005 நவம்பர் 16இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதிய ஒருநாள் போட்டியுடன் புதிய கிரிக்கெட் மைதானம் சர்வதேச ஆட்டங்களுக்குத் திறந்துகொண்டது; அதுவரை அறியப்படாத ஊர்ப்பெயர் உலகெங்கும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. 2007 ஏப்ரல் 16இல் உப்பல் கலான் நகராட்சி பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, தனி ஊர் என்ற நிலையை இழந்தது. ஆற்றங்கரைப் பாகாயத் நிலங்கள் மெட்ரோ ரயில் பணிமனைக்காகவும் மனைப்பிரிவுக்காகவும் கையகப்படுத்தப்பட்டன. 2017 நவம்பரில் உப்பலை அடுத்துள்ள நாகோலிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2018இல் தொடங்கிய நாரபள்ளி மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, வரங்கல் சாலையைத் தூசிக்காடாக்கியது. சென்னையிலிருந்து செல்லும் ரயில்களில் சில, 2025 முதல் உப்பலுக்கு வடக்கேயுள்ள சர்லபள்ளி முனையத்தில் நின்றுவிடுகின்றன. முன்பு நகரத்தைக் கடந்து விளிம்புக்குச் சென்றவர்கள் இப்போது விளிம்பிலேயே வந்து இறங்குகின்றனர். அவர்களுக்கு மிகுதியாக உதவுபவை மெட்ரோ நிலையங்களின் பெயர்களே: தார்நாக்கா, ஹப்சிகூடா, புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், ஸ்டேடியம், உப்பல் என்ற வரிசையில், சாலையின் அறுபதாண்டு வரலாறு ஏறக்குறைய முழுமையாகப் பதிந்துள்ளது.

ஆனால் அந்த வரிசையில் ஏரிகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. சிகம் நிலங்கள் மனைகளாக விற்கப்பட்டு, அலுகிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் வாய்க்கால்கள் தெருக்களாகவும் சாக்கடைகளாகவும் குறுகியபின், ஏரி நிறைந்தால் நீர் செல்லும் வழி எது என்பதை அறிந்தோர் அருகினர். 2020 அக்டோபர் 13ஆம் நாள் இரவில் கொட்டிய மழையில் ராமந்தாபூர் ஏரி நிரம்பி வழிந்து, ஹப்சிகூடாவின் தாழ்ந்த தெருக்களில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கும் அளவுக்கு நீர் நின்றது. இயற்கையின் சீற்றம் என்று அதைக் கூறுவது தவறு. நீர் தன் பழைய பாதையிலேயே சென்றது, பாதையில் வீடு கட்ட அனுமதித்தவர்களே அதற்குப் பொறுப்பு. ஓர் ஊர் எப்படி இருந்தது என்னும் அறிவு, வளர்ந்தவர்களின் ஏக்கத்துக்கு மட்டும் உரியதன்று. இன்று அங்கு வாழ்வோரின் பாதுகாப்பும் அதைச் சார்ந்திருக்கிறது.

அந்த அறிவு முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. நில அளவைத்துறையின் 56 கே/11 எனக் குறிக்கப்படும் வரைபடத் தாளின் பழைய பதிப்புகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டால், உப்பலைச் சூழ்ந்த ஏரிகள் எந்த அளவில் இருந்து எந்த அளவுக்கு வந்தன என்பதைக் காண இயலும். தாள் காட்டாதவற்றை, வாய்க்கால் எந்த வீட்டின் பின்புறம் ஓடியது, பதுக்கம்மா எந்தக் கரையில் விடப்பட்டது, பாராப் புல் எந்த வயலிலிருந்து வந்தது என்பவற்றை, அங்கு வளர்ந்தவர்கள் மட்டுமே சொல்ல முடியும். அறுபதுகளில் குடியேறிய முதல் தலைமுறை எண்பது வயதைக் கடந்துவிட்டது. உப்பலுக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் வீட்டுப் பெட்டிகளிலுள்ள பழைய நிழற்படங்களையும் பெற்றோரின் நினைவுகளையும் இடப்பெயர், ஆண்டு ஆகியவற்றுடன் எழுத்தில் பதிந்து, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலோ நில அளவை நிறுவனத்திலோ சேர்ப்பிக்க முன்வர வேண்டும். அந்நிறுவனங்களும் அவற்றை வாங்கிவைக்கத் தயக்கம் காட்டலாகாது.