மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்: மூலமற்ற பாடபேதங்கள்

என் மேசையில் இரண்டு கத்திகள் கிடக்கின்றன. ஒன்று தாத்தாவுடையது. அவர் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மாட்டுக்கொம்புப் பிடி, ஒரு விரல் நீள அலகு, முத்திரை எதுவும் கிடையாது. இன்னொன்று தியாகராய நகரில் பனகல் பூங்கா பக்கம் நடைபாதையில் நான் வாங்கியது. சிவப்புப் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை. இரண்டையும் மடக்கி வைத்தால் நீளம், வளைவு, அலகைப் பிரிக்க நகம் வைக்கும் பள்ளம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அடையாறிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் சிவப்புக் கத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டூப்ளிகேட்" என்று சொல்லித் தள்ளி வைத்தார். தாத்தாவின் கத்தியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரையே இல்லாததை எதன் போலி என்று சொல்வது?

இந்தக் கட்டுரை அந்த மௌனத்திலிருந்து தொடங்குகிறது.

நண்பரின் 'டூப்ளிகேட்' என்ற சொல் ஓர் 'அசலை' முன்வைத்துப் பேசுகிறது. சரி, அந்த அசலைத் தேடிப் போவோம். சுவிஸ் இராணுவம் 1890-இல் தன் சிப்பாய்களுக்கென ஒரு மடக்குக் கத்தியின் மாதிரியை வகுத்தது. அதை முதலில் செய்து கொடுத்தது சுவிஸ் நாட்டுப் பட்டறை அல்ல, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கம்பெனி. கார்ல் எல்ஸெனர் என்ற சுவிஸ் கத்திக்காரர் 1891-இல்தான் வருகிறார். இவருடைய நிறுவனமே பின்னால் விக்டோரினாக்ஸ் ஆனது. 1893-இல் இன்னொரு சுவிஸ் பட்டறை உள்ளே வருகிறது. அது பின்னால் வெங்கர். 1908-இல் அரசாங்கம் இருவருக்கும் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுக் கொடுத்தது. ஒரே கத்தி, இரண்டு பட்டறை. அப்புறம் கடைத்தெருவில் என்ன நடந்தது என்றால், ஒரு கம்பெனி தன்னுடையதை 'அசல்' சுவிஸ் இராணுவக் கத்தி என்று விளம்பரம் செய்தது. மற்றது தன்னுடையதை 'உண்மையான' சுவிஸ் இராணுவக் கத்தி என்றது. அசலுக்கும் உண்மைக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு ஓடியது. 2005-இல் அசல் உண்மையை விலைக்கு வாங்கிவிட்டது. 2013-இல் உண்மையின் பெயர் கத்திகளிலிருந்து நீக்கப்பட்டது. இதைவிடத் துல்லியமாக எந்தத் தத்துவப் பிரதியும் இந்த இரு சொற்களின் உறவைச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பிரான்சில் லகியோல் என்று ஓர் ஊர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான மடக்குக் கத்திக்கும் லகியோல் என்றே பெயர். ஆனால் அந்தக் கத்தியில் பெரும்பகுதி தியேர் என்ற வேறு ஊரில் செய்யப்பட்டது. 1993-இல் ஊருக்குச் சம்பந்தமில்லாத வியாபாரி ஒருவர் 'லகியோல்' என்ற பெயரைத் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டார். 2012-இல் ஊர்க்காரர்கள் எதிர்ப்புக் காட்டத் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். வழக்கு நடந்து, மேல்முறையீடாகி, 2019-இல்தான் அந்தப் பதிவுகளைப் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கே திருட்டுப் போனது வடிவம் அல்ல, பெயர்.

முத்திரைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் 1624-லேயே கழகம் அமைத்து முத்திரைகளைக் காவல் காத்தவர்கள். சோலிங்கன்காரர்கள் 'ஷெஃபீல்டு' என்று பொறித்துக் கத்தி விற்கிறார்கள் என்ற புகாரின் பின்னணியில் 1887-இல் பிரிட்டனில் சரக்குக் குறிச் சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில், 1889-இல், இந்தியாவுக்கும் அதே மாதிரி ஒரு சட்டம். அவமானமாகக் கருதிப் பொறிக்கச் சொன்ன 'ஜெர்மனியில் செய்தது' என்ற வாசகம் பிற்பாடு தரத்தின் அடையாளமாக மாறிப்போனது வேறு கதை. நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான்: முத்திரை இருந்தவனுக்கே சட்டம் பேசியது. முத்திரை இடாத கொல்லன் அந்தச் சொல்லாடலில் செய்பவனாகவும் இல்லை, போலி செய்பவனாகவும் இல்லை.

இனி நம் கத்திக்கு வரலாம். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளைச் சொல்லுமிடத்தில் மடக்கெழுத்தாணியை விவரிக்கிறார். பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். பிடி மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக்கொம்பிலோ இருக்கும். ஒரு பக்கம் எழுத்தாணி, ஒரு பக்கம் கத்தி. (இரும்பு எல்லாருக்கும் இரும்புதான், பிடிதான் ஆள் யாரென்று சொல்கிறது.) பெசன்ட் நகரில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்திலிருந்து வெளியே வந்தபோது எனக்கு உறைத்தது: தாத்தாவின் கத்தியும் இந்தப் பேச்சைச் சேர்ந்ததுதானே.

இந்த இடத்தில் இரண்டு வகை ஆசாமிகள் தயாராக நிற்பார்கள். ஒருவர், 'இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பேனாக்கத்தியைப் பார்த்து நம்மாள் செய்தது' என்பார். மற்றவர், 'மடக்கெழுத்தாணியைப் பார்த்துத்தான் அவன் செய்தான்' என்று மேடையேறுவார். எனக்கு இருவரும் ஒருவரே. மடக்குக் கத்தி ரோமானியர் காலத்து அகழ்வுகளிலேயே கிடைத்திருக்கிறது. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி ஓர் ஆணியின் இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்பது. பிரான்சின் ஒப்பினெல் 1890-இல் பிறந்து, 1955-இல் திருகு வளையப் பூட்டைப் பெற்றுக்கொண்டது. கூரான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டிய அவசியம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கொல்லன் அதை மடக்கினான். அவ்வளவுதான்.

வடிவத்தை விட்டு வேலையைப் பாருங்கள். 'பேனா' என்ற போர்ச்சுகீசியச் சொல்லுக்குள் இறகு இருக்கிறது. இறகுப் பேனாவின் முனை எழுத எழுதத் தேயும், அதைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே ஐரோப்பியனின் கத்தி எழுதுகோலைச் சீவியது. நம்முடைய எழுத்தாணி இரும்பு, அதைச் சீவ வேண்டியதில்லை. நம் கத்தி ஓலையை வாரியது. ஓரங்களை நறுக்கி, ஏட்டை ஒரே அளவாக்கியது. அங்கே தேய்வது கருவி, இங்கே திருத்தப்படுவது எழுதப்படும் தளம். இறகைச் சீவும் கத்தி பேனாவின் வேலைக்காரன். மடக்கெழுத்தாணியிலோ கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடியில் வாழும் பங்காளிகள். அமைப்பியல் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒத்த குறிப்பான்கள், வேறு வேறு உறவுகள்.

தமிழில் இந்தப் பொருளுக்குள்ள பெயர்களையும் கவனியுங்கள். மடக்குக்கத்தி என்பது அசைவைச் சொல்கிறது. வில்லுக்கத்தி உள்ளே முதுகில் அழுத்தி நிற்கும் வில்லைச் சொல்கிறது. பேனாக்கத்தி பயனைச் சொல்கிறது. ஒப்பினெல் மாதிரி செய்தவன் பெயர் ஒன்றிலும் இல்லை. ராம்பூரி மாதிரி ஊர்ப்பெயர்கூட இந்தக் கத்திக்கு ஒட்டவில்லை. திருப்பாச்சேத்தி அரிவாள், திண்டுக்கல் பூட்டு என்று ஊர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அரிவாளை அடித்த கையை வைத்துக்கொள்ளவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற வகையில் இதில் எனக்கொரு சங்கடம் உண்டு. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்ததிலிருந்து அது நம் பெருமை. அந்த முறைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பேதங்களுக்கெல்லாம் பின்னால் ஒரு மூலபாடம் உண்டு, அதற்கு ஒரு திருத்தக்கதேவர் உண்டு. கதைப்பாடலுக்கு இந்த முறையைக் கொண்டுபோனால் அது தடுமாறுகிறது. அங்கே பாடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பாடம். கத்தியும் அப்படித்தான். மூலமில்லாத பாடபேதங்கள்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஏட்டைப் பிரதி எடுத்தவன் கடைசி ஓலையில் தன் பெயரையும் நாளையும் எழுதி வைக்கும் வழக்கமாவது இருந்தது. அவன் கையில் எழுத்தாணியைக் கொடுத்த கொல்லனுக்கு அந்தக் கடைசி ஓலை இல்லை. ஆசிரியனின் மரணத்தைப் பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம், நானும் பேசியிருக்கிறேன். ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாத ஒருவனிடம் போய் அந்த மரணத்தை எப்படிக் கொண்டாடச் சொல்வது? பெயரின்மையை அழகியலாக்குவது பெயர் உள்ளவர்களுக்குச் சுலபம்.

சென்ற மாதம் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குச் சாணை பிடிப்பவர் வந்தார். இரண்டு கத்திகளையும் கொடுத்தேன். சக்கரத்தை மிதிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பிரித்து, அலகைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். சிலுவையை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எந்தக் கத்தி நல்லது அண்ணே?"

"இது சாணை தாங்காது சார், சும்மா வச்சிக்கோங்க" என்று சிவப்பைத் திருப்பிக் கொடுத்தார். கொம்புப் பிடியை இன்னொரு முறை மடக்கிப் பிரித்தார். "இதுல ஆணியைப் பாத்தீங்களா? நடுவுல யாரோ கழட்டி மறுபடி அடிச்சிருக்கான். முதல்ல செஞ்சவன் வேற, இவன் வேற."

தாத்தா அதை எங்கே கொடுத்து ரிப்பேர் செய்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.