வாடகைப் புத்தகத்தோடு படியேறிய பெண்கள்

கடந்த மாத உரைக்குப் பிறகு பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஈஸ்ற் ஹாமிலோ ஹரோவிலோ இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதைப் பராமரிக்க ஒரு முகாமையாளரை அமர்த்தினால் வாடகையில் பத்து வீதமாவது போய்விடுமே, தெரிந்த பொடியன் ஒருவனிடம் பொறுப்புக் கொடுத்தால் போதாதா? அந்தப் பத்து வீதத்துக்கு எதை வாங்குகிறோம் என்று விளங்கவேண்டுமானால், இது ஒரு படித்த தொழிலாக வளர்ந்த கதையைப் பார்க்கவேண்டும். அது நடந்தது இந்த லண்டனிலேதான்.

1865 ஆம் ஆண்டு. மாரிலிபோன் பகுதியில் பரடைஸ் பிளேஸ் என்றொரு சந்து. பெயர் சொர்க்கம், வீடுகளோ அதற்கு நேர்மாறு. கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின், தகப்பன் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அங்கே மூன்று வீடுகளைக் குத்தகைக்கு வாங்கி, ஒக்ரேவியா ஹில் என்ற இளம் பெண்ணிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து வீத வருமானம் வரவேண்டும். வந்தால் மற்றவர்களும் பணம் போட முன்வருவார்கள் என்பது அவர் எண்ணம்.

ஒக்ரேவியா கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவையும் தட்டி வாடகை வாங்கினார். பணம் வாங்கப் போனவரின் கண்ணில் ஒழுகும் கூரையும் அடைத்த கானும் உடைந்த படியும் பட்டன. கணக்கு எழுதும் அதே கையால் திருத்த வேலைக்கும் ஆள் பிடித்தார். திருத்தத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் மிச்சம் இருந்தால், அதை என்ன வசதிக்குச் செலவிடுவது என்று குடியிருந்தவர்களிடமே கேட்டார். ஐந்து வீதமும் வந்தது.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. வாடகை பிந்தினால் இரக்கம் காட்டாமல் எழுப்பி விடுவார். ஏழைகளுக்குப் புத்தி சொல்வதிலும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. நகரசபைகள் வீடு கட்டிக் கொடுப்பதையும் அவர் எதிர்த்தார். ஆனால் ஒரு விடயத்தை அவரே முதலில் தெளிவாகக் கண்டார் என்பேன்: வீட்டைப் பார்த்துக்கொள்வது பழகித் தேற வேண்டிய வேலை. கணக்கு, கான், சட்டம், மனிதர் என்று நான்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே பெண்களைப் பழக்கினார். 1884 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துகளை நிர்வகித்த ஆணையாளர்கள் சதக் பகுதியில் தங்கள் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1912 இல் அவர் இறந்தார். 1916 இல் அவரிடம் பழகியவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றுள்ள பட்டய வீடமைப்பு நிறுவனத்தின் வேர்களில் அதுவும் ஒன்று.

இதே நகரில் இதற்கு நேரெதிரான கதையும் நடந்தது. எங்களுக்கு அது இன்னும் கிட்ட வரும் கதை.

பீற்றர் ரக்மன் போலந்து யூதர். போரில் எல்லாம் இழந்து 1946 இல் பிரித்தானியா வந்த அகதி. 1950களில் நொட்டிங் ஹில் பகுதியில் பழைய வீடுகளை வாங்கிக் குவித்தார். 1957 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, பழைய குடித்தனக்காரர் எழும்பிப் போன வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே அவர்களை எழுப்ப ஆட்களும் நாய்களும் அனுப்பப்பட்டன. காலியான அறைகளில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களை அதிக வாடகைக்கு இருத்தினார். "கறுப்பருக்கு இடமில்லை" என்று பலகை தொங்கிய காலம். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாடகை வாங்க வந்தவர்கள் கூரையைப் பார்க்க வரவில்லை. 1962 இல் ரக்மன் இறந்தார். அடுத்த ஆண்டு விடயம் வெளியே வந்து பாராளுமன்றம்வரை போனது. 1965 ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றுவதைத் தடுத்தது. அவர் பெயர் ஆங்கில அகராதியில் ஒரு வசைச் சொல்லாக நிலைத்துவிட்டது.

ஒரு அகதியே அடுத்து வந்த ஏழையைப் பிழிந்தார் என்பதுதான் என்னைக் குத்துகிறது. எண்பதுகளில் நாங்கள் வந்து இறங்கியபோது ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அறை தந்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், ரக்மன்களும் இருந்தார்கள். இப்போது சாவி எங்கள் கையில். அறை கேட்டு வருபவர் ஆப்கானியராகவோ எரித்திரியராகவோ இருக்கலாம், எங்கள் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சரி, ஆளை எப்படித் தெரிவது? வேல்ஸில் 2016 முதல் முகவருக்கு உரிமம் வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2018 முதல் பதிவு கட்டாயம். இங்கிலாந்தில் தனியார் வாடகை முகவராக எந்தப் பரீட்சையும் சட்டப்படி தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் முறைப்பாடு விசாரிக்கும் திட்டமொன்றில் 2014 முதலும், கையில் வாங்கும் வாடகைப் பணத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தில் 2019 முதலும் சேர்ந்தே ஆகவேண்டும். அந்த இரண்டு சான்றுகளையும் காட்டச் சொல்லுங்கள். தொழில்முறைத் தகைமை என்ன படித்தார் என்றும் கேளுங்கள். அது கட்டாயமில்லை, ஆனாலும் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு, வருடத்தில் எத்தனை தடவை வீட்டுக்குள் போய்ப் பார்ப்பார், பார்த்ததை எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். எரிவாயுச் சான்றிதழ் பிந்தினாலும், முற்பணத்தை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் இடாவிட்டாலும், முகவர் மறந்துவிட்டார் என்று சொல்லி வீட்டுக்காரர் தப்ப முடியாது.