எம். ஆர். ராதா: மேடையும் திரையும்

எம். ஆர். ராதா (1907–1979) தமிழ் நாடக, திரைப்பட நடிகர். முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, விவரம் தெரியாத வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய், அரை நூற்றாண்டுக்கு மேல் நடித்தவர். ‘நடிகவேள்’ என்ற பட்டம் பட்டுக்கோட்டை அழகிரி சூட்டியது. அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நின்றுவிடுகின்றன: ‘இரத்தக்கண்ணீர்’ நாயகன், அறுபதுகளின் வில்லன், எம்.ஜி.ஆரைச் சுட்டவர். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் கூட்டினாலும் ராதா கிடைக்கமாட்டார். அவர் கடைசிவரை மேடை நடிகர். படங்களில் நாம் பார்ப்பது, அந்த மேடைக் கலையில் தணிக்கையும் கதைச் சட்டகமும் அனுமதித்த பகுதியை மட்டும். அவரது தொழில்வாழ்க்கையை 1954ஆம் ஆண்டை நடுவில் வைத்துப் படித்தால் இது விளங்கும்.

ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடுவின் பாய்ஸ் கம்பெனியில் தொடங்கி, ஜெகந்நாத ஐயர் கம்பெனி உள்ளிட்ட பல குழுக்களில் அவர் வளர்ந்தார். அன்றைய பாய்ஸ் கம்பெனி பள்ளிக்கூடமும் விடுதியும் பட்டறையும் சேர்ந்த ஓர் இடம். பாட்டு, வசனம், பெண்வேடம், சண்டை எல்லாம் அங்கேதான் பயிற்சி. ஆனால் அந்தப் பயிற்சி வாத்தியார் சொன்னதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வது. ராதா அதை உதறியதில்தான் தனி நடிகரானார். ‘இழந்த காதல்’ நாடகத்தில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெடுநேரம் வசனம் பேசுவார். அந்த நாற்காலிக் காட்சிக்காகவே கூட்டம் வந்தது. சபைக்கு முகம் காட்டி நின்று பாடுவதே நடிப்பு என்றிருந்த காலத்தில், முகத்தை மறைத்துக் குரலால் மட்டும் அரங்கைக் கட்டிப்போட முடியும் என்று நிரூபித்த காட்சி அது. 1941இல் அந்த நாடகம் படமானபோது வாய்ப்பு கே. பி. கேசவனுக்குப் போனது. அதற்கு முன்பே ‘ராஜசேகரன்’ (1937), ‘சந்தனத்தேவன்’ (1939), ‘சத்தியவாணி’ (1940) முதலிய படங்களில் ராதா நடித்திருந்தார். அவற்றால் பெரிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த பத்தாண்டுக்கு மேல் மேடையே அவர் பிழைப்பு, அவர் ஆயுதம், அவர் கட்சி மேடையும்கூட. 1949இல் பெரியாரின் திராவிடர் கழகத்திலிருந்து அண்ணா பிரிந்து தி.மு.க. கண்டபோதும் ராதா பெரியார் பக்கமே நின்றார். ஆனாலும் மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’யை நடத்தியவர் அவர்தான். கருணாநிதியைக் ‘கலைஞர்’ என்று முதலில் அழைத்தவரும் அவரே.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ 1940களின் இறுதியில் மேடையேறியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் மோகன், காந்தா என்ற தாசியிடம் சொத்தை இழந்து, தொழுநோயாளியாகித் தெருவில் அலைகிறான். கடைசியில் தன் மனைவிக்குத் தன் நண்பனையே மணமுடித்து வைக்கிறான். கதையை மட்டும் சொன்னால் ஒழுக்கப் பாடம் போலத்தான் தெரியும். அதை வேறொன்றாக ஆக்கியது ராதாவின் குறுக்கீடு. அன்றைய பத்திரிகையில் வந்த செய்தி அன்றிரவே மோகனின் வாயில் வசனமாக வரும். ஊருக்கு ஊர் கிண்டல் மாறும். முன்வரிசையில் யாராவது சத்தம்போட்டால் அதற்கும் கதையை விட்டு நகராமலே பதில் கிடைக்கும். ஆயிரக்கணக்கான முறை நடந்த அந்த நாடகத்துக்கு முடிந்த பிரதி என்று ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். நோயாளி பேசுவதால் எதையும் பேசலாம் என்ற உரிமையும் அந்த வேடத்தில் இருந்தது. சாமியை, சாதியை, சட்டத்தை, சினிமாவை, எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகனை எல்லாம் அந்த வேடம் வைதது. காசு கொடுத்து வந்தவன் வசவு வாங்கிக்கொண்டு கைதட்டினான்!

இந்தக் கலைக்கு இரண்டு பதில்கள் ஒரே ஆண்டில் வந்தன. 1954 தீபாவளிக்குக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், நேஷனல் பிக்சர்ஸ் தயாரிப்பில் ‘இரத்தக்கண்ணீர்’ படமாக வெளியானது. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ராதாவின் ‘ராமாயண’ நாடகம் கிளப்பிய எதிர்ப்பே அதற்கு உடனடிக் காரணம். 1876ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் போதாதென்று சுதந்திர அரசு புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது என்பதே ராதாவின் மேடை வலிமைக்குச் சான்று. சினிமாவுக்கு அப்படி ஒரு தேவை எழவில்லை. 1952 திரைப்படச் சட்டத்தின்படி எந்தப் படமும் தணிக்கையைத் தாண்டித்தான் கொட்டகைக்கு வரமுடியும். நாடகப் பிரதியையும் முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் நடைமுறை வந்தபோது, மேடையும் திரையைப் போல எழுதி முடித்த பொருளாக இருக்கவேண்டும் என்றாகிவிட்டது. ராதாவின் கலையோ எழுதாத வசனத்தில் இருந்தது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். அங்கும் 1968 வரை லார்ட் சேம்பர்லேன் அலுவலகத்தின் உரிமம் இல்லாமல் புதிய நாடகம் மேடையேற முடியாது. லாரன்ஸ் ஒலிவியே 1944இல் லண்டன் மேடையில் மூன்றாம் ரிச்சர்டாக நடித்து, 1955இல் அதே வேடத்தைப் படமாக்கினார். மேடைக்கும் திரைக்கும் அடிப்படை ஷேக்ஸ்பியர் எழுதிவைத்த வரிகளே. ஒலிவியேவின் மேடை நடிப்பை அந்தப் படத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ராதாவின் ‘இரத்தக்கண்ணீர்’ படம் நமக்குத் தருவது ஆயிரம் இரவுகளில் ஓர் இரவின் நகலை. அந்த நகலிலும் மேடையின் தழும்பு தெரிகிறது. சி. எஸ். ஜெயராமன் பாடும் சோகப் பாட்டின் நடுவே ராதா பேச்சால் குறுக்கிட்டுக்கொண்டே வரும் காட்சி, பாட்டை மதிக்காத ஒரு மேடைக்காரனின் காட்சி.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேடையில் அவர் என்ன செய்தார் என்பதற்குப் போதிய ஒலி–ஒளிப் பதிவு இல்லை. ரசிகர்களின் நினைவும் அவர்கள் ஊதிப் பெருக்கிய கதைகளும்தான் இருக்கின்றன. கையில் இருக்கும் படங்களை விட்டுவிட்டு இல்லாத மேடையைப் புகழ்வது எப்படி நியாயம் என்று கேட்கலாம். கேள்வி சரி. ராதாவைப் பற்றிய துணுக்குகளில் பாதியைச் சந்தேகத்தோடுதான் அணுகவேண்டும். ஆனால் சட்டம் துணுக்கு அல்ல, அது அரசிதழில் இருக்கிறது. தெலுங்கு நடிகர் நாகபூஷணம் ‘இரத்தக்கண்ணீர்’ நாடகத்தைத் தெலுங்கில் ஊர் ஊராக நடத்தி ‘ரக்தகண்ணீரு நாகபூஷணம்’ என்றே அறியப்பட்டதும் துணுக்கு அல்ல. இன்னொரு மறுப்பு: நாடகக் கம்பெனிகளை ஒழித்தது சட்டமல்ல, சினிமாக் கொட்டகைதான் என்பது. இதைப் பெரும்பகுதி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ராதாவும் 1954க்குப் பிறகு மேடையை விட்டுவிடவில்லை, கைதாகியும் நடத்தினார். சட்டம் மேடையைக் கொன்றது என்று சொல்வது மிகை. சினிமாவில் பணமும் மேடையில் வழக்கும் கிடைக்கும் நிலையை அது உண்டாக்கியது என்பதே கணக்கான கூற்று.

அறுபதுகளின் படங்கள் இந்த நிலையின் விளைவு. ‘பாவ மன்னிப்பு’ (1961) ஆளவந்தார், ‘பலே பாண்டியா’ (1962) இரட்டை வேடம், ‘புதிய பறவை’ (1964) ரங்கன், ‘சித்தி’ (1966) என்று அவர் இல்லாத பெரிய படம் குறைவு. ஒரே வாக்கியத்தைக் கீச்சுக்குரலில் தொடங்கிக் கரகரத்த அடித்தொண்டையில் முடிப்பார். எதிராளி பேசும்போது முனகிக்கொண்டே இருப்பார். இதை மிகை நடிப்பு என்று ஒதுக்குவோர் உண்டு. சிவாஜி கணேசனின் விரிவான மேடைப் பாணிக்கும் இதே குற்றச்சாட்டு வந்தது. ஆனால் இருவர் மிகையும் ஒன்றல்ல. சிவாஜி பாத்திரத்தைப் பெரிதாக்குகிறார். ராதா பாத்திரத்திலிருந்து ஒரு காலை வெளியே வைத்து, ‘இந்த அயோக்கியனைப் பார்’ என்று நம்மிடம் காட்டுகிறார். பக்தியும் கற்பும் பேசும் குடும்பப் படங்களில் வில்லனாக வந்து, அந்தப் பேச்சையே கேலி செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. கடைசி ரீலில் வில்லன் திருந்திவிடுவான் அல்லது அகப்பட்டுக்கொள்வான் என்பதுதான் அந்த இடத்துக்குக் கொடுத்த வாடகை. மோகனுக்கு மேடையில் இருந்த கடைசிச் சொல் இவர்களில் எவனுக்கும் கிடையாது.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயம் பட்டார். மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ராதா தண்டனை பெற்றுச் சிறை சென்றார். அரசியல் வரலாற்றுக்கு இது பெரிய நிகழ்ச்சி. நடிப்பு வரலாற்றில் இதற்குரிய இடம், உச்சத்தில் இருந்த ஒருவரின் திரைவாழ்வை அறுத்தது என்ற அளவே. மாலை நேரச் செய்தியாக அது அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருப்பதால் மற்ற அனைத்தும் மறைந்துவிட்டன.

விடுதலைக்குப் பிறகு அவர் சொன்னவற்றை எழுத்தாளர் விந்தன் ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ என்று தொகுத்தார். ராதாவின் கலையை அவர் வாயாலேயே அறிய இன்றும் நல்ல வழி அந்நூல்தான். சில படங்களில் நடித்தார், மேடைக்கும் திரும்பினார். மலேசியாவில் ஆற்றிய உரையில், நடிகர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடாதீர்கள் என்று ரசிகர்களையே கண்டித்தார். 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் இறந்தார். அவரை முன்னிட்டு வந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு செல்லாது என்று தீர்ப்பளித்தார்.